கோட்டைக்கு பஸ் விடுற எங்கட சங்கத்துக்கு: வெட்டின ரெண்டு பக்கத்தையும் திரும்பப் போடுங்கோ

தலைவர் அண்ணை, செயலாளர் அக்கா, நிர்வாகக் குழுவில இருக்கிற மற்ற எல்லாருக்கும்,

போன ஞாயிறு ராத்திரி வட்ஸ்அப் குரூப்பில கனடாவில விக்டோரியாவில இருக்கிற கிரெய்க்டாரக் கோட்டைக்கு நாங்கள் போற இந்த வருச டூர் கையேட்டைப் போட்டிருந்தீங்கள். நான் எழுதித் தந்தது பதினாலு பக்கம், நீங்கள் போட்டது பன்னிரண்டு. ஒன்பதாம் பக்கமும் பத்தாம் பக்கமும் காணேல்ல. முதல்ல என்ர ஃபோன்ல தான் ஏதோ பிழை எண்டு நினைச்சு ரெண்டு தரம் டவுன்லோட் பண்ணிப் பார்த்தன். பிறகு செயலாளர் அக்காவைக் கேட்டன், அவ ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினா, "தம்பி, குடும்பமா சின்னப் பிள்ளையளோட வாற இடத்தில சாவுக்கதை என்னத்துக்கு, சனம் படம் எடுக்கத்தானே வருது" எண்டு. நான் திருப்பி எழுதினதுக்கு இண்டைக்கு வரைக்கும் ஒரு பதிலும் இல்லை, நீல டிக் மட்டும் விழுந்திருக்கு. அதாலதான் இதை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுறன்.

வெட்டினதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை. முன் அட்டையில "தொகுப்பு" எண்டு என்ர பேர் அப்பிடியே கிடக்கு, உள்ளுக்க நான் எழுதாத ஒரு வசனம் இருக்கு: "ஏழைச் சுரங்கத் தொழிலாளியாக வந்து, தனி ஒருவராக உழைத்து, இந்த மாளிகையைக் கட்டி வாழ்ந்தவர் ராபர்ட் டன்ஸ்மியூர்." அண்ணை, இந்த ஒரு வசனத்துக்குள்ள மூண்டு பிழை இருக்கு.

முதலாவது, அந்தாள் அந்த வீட்டில ஒரு நாள் கூட வாழேல்ல. கிரெய்க்டாரக் கோட்டை கட்டத் தொடங்கினது 1887ல, முடிஞ்சது 1890ல, ராபர்ட் 1889 ஏப்ரலிலயே செத்துப்போனார். வீட்டை வரைஞ்ச ஆர்க்கிடெக்ட் வாரன் வில்லியம்ஸ் அவருக்கும் முதல், 1888 ஜனவரியிலயே போயிட்டார். கட்டச் சொன்னவரும் இல்லை வரைஞ்சவரும் இல்லை, கடைசியில குடிபூந்தது ஜோன் எண்ட விதவை மனிசியும், கலியாணம் ஆகாத மகள்மாரும், தாய் தகப்பன் இல்லாத பேரப்பிள்ளையளும் தான். ரெண்டாவது, "ஏழையா வந்தவர்" எண்டது அரைகுறை உண்மை. ஸ்கொட்லாந்தில நிலக்கரிக் குடும்பத்தில பிறந்து, ஹட்சன்ஸ் பே எண்ட வணிகக் கொம்பனியோட ஒப்பந்தம் போட்டு 1851ல வன்கூவர் தீவுக்கு வந்தவர், அது சரி. ஆனா 1855ல அந்தத் தீவில இருக்கிற நனைமோ எண்ட ஊரில மற்றத் தொழிலாளியள் ஸ்ட்ரைக் அடிக்க இவர் சேராமல் நிண்டதுக்குத்தான் கொம்பனி இவருக்கு சொந்தமா வெட்டிக்கொள்ள லைசன்ஸ் குடுத்தது. 1869ல நனைமோவுக்குப் பக்கத்து வெலிங்டனில நல்ல நிலக்கரிப் படுகை இவர்ட கண்ணில பட்டது, அதுக்குப் பிறகுதான் காசு. மூண்டாவது, "தனி ஒருவராக". அதுக்கு பிறகு வாறன், ஒன்பதாம் பக்கமே அதைப் பற்றித்தான்.

நான் அந்த வீட்டை வெறுக்கிறவன் இல்லை எண்டதும் உங்களுக்குத் தெரியும். நாலு கோடையா பஸ்ஸில மைக் பிடிச்சது நான்தான். ட்ரைவால் அடிக்கிற வேலை செய்யுறவன், ஒரு வீட்டுக்குள்ள போனா சனத்துக்கு முதல் மூலைமுடுக்கைத்தான் பார்ப்பன். அந்த ஹோலில நிக்கிற ஓக் படியில கைப்பிடி திரும்புற இடத்தில ரெண்டு மரம் சேருதே, அந்த மூட்டுக்குள்ள நகம் போகாது, நான் தடவிப் பார்த்தனான். உள் மர வேலையில பெரும் பகுதி சிக்காகோவில செய்து ரயிலில ஏத்தி இங்க கொண்டுவந்து பூட்டினது எண்டு நான் சொல்லேக்க எங்கட பெடியள் "அப்ப அந்தக் காலத்து ஐக்கியா" எண்டு சிரிக்கிறவங்கள். முப்பத்தொன்பது அறை. கோபுரத்துக்கு எண்பத்தேழு படி, போன வருசம் ஒரு அம்மம்மா நடுவில இருந்து மூச்சு வாங்கிப்போட்டு "இதுக்கு நயினாதீவுக்கே போயிருக்கலாம்" எண்டு சொன்னதை இப்பவும் குரூப்பில பகிடியாச் சொல்லுறீங்கள். சித்திரக் கண்ணாடி, கன அறையில கணப்படுப்பு, வரவேற்பறை முகட்டில கையால வரைஞ்ச பூ. பிறகு வந்த ஆரோ அதுக்கு மேல வெள்ளைப் பெயின்ட் அடிச்சு மூடிப்போட, கனகாலத்துக்குப் பிறகு சுரண்டிச் சுரண்டி வெளியில எடுத்தவை. ஒரு படத்தை மேல பூசி மறைக்கிறதைப் பற்றி இப்ப நான் வேற ஒண்டும் சொல்லேல்ல.

அந்தக் குடும்பத்துக் கதையும் லேசுப்பட்ட கதை இல்லை, அதை நீங்கள் வெட்டாமல் விட்டதுக்கு நன்றி. சுரங்கம் பிள்ளையளுக்கு எண்டு வாயால சொல்லிப்போட்டு உயிலில எல்லாத்தையும் மனிசிக்கு எழுதிவைச்சிட்டுப் போன தகப்பன், அதை வாங்க வருசக்கணக்கா இழுபட்ட ரெண்டு மகன்மார், அதில இளையவர் அலெக்சாண்டர் கலியாணம் கட்டின கையோட 1900ல செத்துப்போக அவற்ற உயிலுக்காகத் தாயே மூத்த மகன் ஜேம்சுக்கு எதிரா கோர்ட்டில நிண்டது. அந்த ஜேம்ஸ் 1900 தொடக்கம் 1902 வரைக்கும் இந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குப் பிரீமியர் (முதலமைச்சர் மாதிரி), பிறகு லெப்டினன்ட் கவர்னர், தனக்கெண்டு ஹட்லி காசில் வேற கட்டினவர். தாயும் மகனும் ஒரே ஊரில இருந்துகொண்டு கனகாலம் முகம் பார்க்கேல்ல. 1908ல ஜோன் செத்த பிறகு காணியைத் துண்டு போட்டு வித்து, துண்டு வாங்கின ஆக்களுக்குள்ள சீட்டுக் குலுக்கி வீட்டைப் பரிசா குடுத்தவை. விழுந்த மனிசன் அதை அடகு வைச்சு பாங்குக்கு விட்டிட்டார். பிறகு படையாட்களுக்கு ஆஸ்பத்திரி, பிறகு கொலிஜ், ஸ்கூல் போர்ட் ஒஃபிஸ், சங்கீதப் பள்ளிக்கூடம், 1979ல இருந்து மியூசியம். இதெல்லாம் பஸ்ஸில சொன்னா சீரியல் கேக்கிற மாதிரி சனம் கேக்கும். சரி, கேக்கட்டும்.

ஆனா காசு எங்கால வந்தது?

ஒன்பதாம் பக்கத்தில நான் எழுதினது இதுதான். 1888 ஜனவரி 24, வெலிங்டனில டன்ஸ்மியூர்ட அஞ்சாம் நம்பர் சுரங்கம் வெடிச்சது, 77 பேர் செத்தவை, அதில பாதிக்கு மேல சீனர். அந்த நாளில விக்டோரியாவில இந்த வீட்டுக்குக் கல்லு அடுக்கிக்கொண்டிருந்தவை. நான் சோடிச்சு எழுதேல்ல அக்கா, வருசத்தைப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்தா உங்களுக்கே தெரியும். சீனத் தொழிலாளிக்கு வெள்ளைத் தொழிலாளிட சம்பளத்தில பாதியளவு தான். வெடிச்ச பிறகு பழியும் அவையிட தலையில தான் விழுந்தது, பாசை தெரியாததுகள் கவனம் இல்லாததுகள் எண்டு சொல்லி வெலிங்டனில நிலத்துக்குக் கீழ அவையை இறக்கக்கூடாது எண்டு ஒப்பந்தம் ஆச்சு. ஆனா அதே குடும்பத்திட கம்பர்லாண்ட் பக்கத்துச் சுரங்கத்தில சீனரும் ஜப்பானியரும் பிறகும் இறங்கித்தான் வேலை செய்தவை. 1901 பெப்ரவரியில அங்க வெடிச்சதில 64 பேர் போச்சினம். அப்ப முதலாளி ஜேம்ஸ், அந்த நேரம் பிரீமியரும் அவர்தான்.

1877ல வெலிங்டனில சம்பளத்துக்காக வெள்ளைத் தொழிலாளியள் ஸ்ட்ரைக் அடிச்சவை. விக்டோரியாவில இருந்து மிலிஷியா படை வந்தது, கொம்பனி வீட்டில குடியிருந்த குடும்பங்களை வெளியில கலைச்சவை. சட்டி பானையோட ரோட்டில நிக்கிறது எண்டா என்னெண்டு எங்கட சங்கத்து ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்த வேணுமா?

பத்தாம் பக்கம் ரயில்பாதை. விக்டோரியாவுக்குப் பக்கத்து எஸ்குவைமோல்டில இருந்து நனைமோவுக்குப் பாதை போட்டுத் தாறதுக்கு அரசாங்கம் டன்ஸ்மியூர் ஆக்களுக்குக் குடுத்தது ஏழரை லட்சம் டொலர் காசும், அதோட கிட்டத்தட்ட 19 லட்சம் ஏக்கர் காணியும். வன்கூவர் தீவில கிட்டத்தட்ட நாலில ஒரு பங்கு, மேல நிக்கிற மரம் கீழ கிடக்கிற கரி எல்லாம் சேர்த்து. அந்தக் காணியில ஆயிரக்கணக்கான வருசமா இருந்த கவிச்சான், ஸ்னுனேமொக் மாதிரியான பூர்வீக சனத்திட்ட ஒருத்தரும் ஒரு சொல்லுக் கேக்கேல்ல. கடைசி ஆணியை அப்பத்தைய பிரதமர் ஜோன் ஏ மக்டொனல்ட் வந்து அடிச்சது 1886 ஓகஸ்ட் 13.

ஓகஸ்ட் 13. இந்தத் தேதியைப் பார்த்து எனக்கு ஒரு நிமிசம் ஒண்டும் ஓடேல்ல. எங்கட அகதியளை ஏத்தின சன் சீ கப்பல் 492 பேரோட எஸ்குவைமோல்டுக்கு வந்து சேர்ந்ததும் 2010 ஓகஸ்ட் 13 தான். தற்செயல் தான், அதில ஒரு அர்த்தமும் இல்லை, எண்டாலும் அந்தக் கப்பலில வந்தவன் எண்டபடியா எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. கோபுரத்தில ஏறி ஜன்னலுக்கால பார்த்தா ஹுவான் டி ஃபூகா நீரிணை தெரியும், பின்னால ஒலிம்பிக் மலை. அந்தத் தண்ணியாலதான் எங்களைக் கொண்டுவந்தது. சுரங்கத்துச் சீனருக்கு நம்பர் இருந்த மாதிரி எங்களுக்கும் நம்பர் இருந்தது, கோர்ட் பேப்பரில பி எண்டு தொடங்குற நம்பர், உச்ச நீதிமன்றத்தில 2015ல தீர்ப்பு வந்த கேசுக்கே பி010 எண்டு தான் பேர். ஆனா நான் ரெண்டையும் ஒண்டெண்டு சொல்ல வரேல்ல. எங்கட பேரை மறைச்சது ஊரில இருக்கிற சொந்தக்காரருக்கு ஆபத்து வரக்கூடாது எண்டு. சுரங்கத்தில செத்த சீனர்ட பேரை ஒருத்தரும் மறைக்கேல்ல, கேக்கவே இல்லை. 1887 மே மாதம் நனைமோவில வேற ஒரு கொம்பனியிட சுரங்கம் வெடிச்சு கிட்டத்தட்ட 150 பேர் செத்தது (அது டன்ஸ்மியூர்ட சுரங்கம் இல்லை, அதையும் நான் பத்தாம் பக்கத்தில தெளிவா எழுதியிருந்தன்), அந்தப் பட்டியலில வெள்ளைக்காரருக்குப் பேர் இருக்கு, மனிசி இருக்கா பிள்ளை எத்தினை எண்டும் இருக்கு, சீனருக்கு நம்பர் மட்டும் தான். கூப்பிட நம்பர், சம்பளத்துக்கும் அதே நம்பர், சாவுக்கும் அதே நம்பர்.

பொருளாளர் ஐயா போன கூட்டத்தில சொன்னவராம், "அந்தாள் இல்லாட்டி நனைமோவே இல்லை, ஆயிரம் பேருக்கு வேலை குடுத்தவர்" எண்டு. ஐயா, வேலை குடுத்தவர், நான் இல்லையெண்டு சொல்லேல்ல, கையேட்டில அதையும் எழுதியிருக்கிறன். அவரிட்ட கெட்டித்தனம் இருந்தது, துணிவு இருந்தது, மற்றவைக்கு அம்பிடாத கரி அவருக்கு அம்பிட்டது. ஆனா நான் இந்த நாட்டில முதல் வேலை செய்த இடத்தில மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு பேசிப்போட்டு கையில பாதிதான் தந்தவை, "பேப்பர் இல்லாதவனுக்கு இது காணும்" எண்டு. அந்தாளும் எனக்கு வேலை குடுத்தவர் தான். அவற்ற வீட்டில ஒரு நாள் பேஸ்மென்ட் வேலைக்குப் போனன், நல்ல வீடு, பளிங்குத் தரை. என்ர பிள்ளை அந்த வீட்டைப் பார்த்து "தனி ஒருவராக உழைத்து" எண்டு வாசிக்கிறதை நான் கேட்டுக்கொண்டு நிக்கவேணுமா?

சின்னப் பிள்ளையளுக்கு சாவுக்கதை வேண்டாம் எண்டதும் எனக்கு விளங்கேல்ல. ஒவ்வொரு நவம்பரும் மாவீரர் நாளுக்கு இதே பிள்ளையளை மேடையில ஏத்தி நாங்கள் என்ன சொல்லிக்குடுக்கிறம்? போன வருசம் பஸ்ஸில ஒரு பிள்ளை, ஒன்பது வயசு இருக்கும், நான் 77 பேர் எண்டு சொன்ன உடன "அங்கிள், அவையிட அம்மாமாருக்கு ஆர் சொன்னது?" எண்டு கேட்டது. எனக்குப் பதில் தெரியேல்ல. அந்தக் கேள்விக்காகத்தான் பிறகு நான் ஹார்லிங் பொயின்டுக்குப் போனன்.

கோட்டையில இருந்து காரில பத்து நிமிசம் தான், ஓக் பே பக்கம், கடல் கரையோட ஒரு சீன மயானம். 1903ல தொடங்கினது. அந்தக் காலத்தில இங்க செத்த சீனரைப் புதைச்சு ஏழு வருசம் கழிய, எலும்பை எடுத்துக் கழுவிப் பெட்டியில போட்டு ஊருக்கு அனுப்புறது அவையிட வழக்கம், கனடா முழுக்க இருந்து எலும்பு இங்க வந்து சேர்ந்து ஹொங்கொங்குக்குக் கப்பலேறும். 1937ல சீன-ஜப்பான் சண்டை தொடங்கக் கப்பல் நிண்டுபோச்சு. போகாமல் மிஞ்சினது 900 பேருக்கு மேலயாம், அந்த எலும்பெல்லாத்தையும் 1961ல அதே இடத்தில பதின்மூண்டு குழியில சேர்த்துப் புதைச்சவை. நான் போன அண்டு காத்தெண்டா அப்பிடி ஒரு காத்து, புல்லு ஒரே பக்கம் படுத்துக் கிடந்தது, கடலைப் பார்த்தபடி ஒரு பலிபீடம், ரெண்டு பக்கமும் உயரமா ஒவ்வொரு தூண். வெலிங்டனில போன ஆக்கள் அதுக்குள்ள ஆரும் இருக்கினமோ எண்டு என்னால சொல்லேலாது. என்னோட கப்பலில வந்த ஒருவர் நாலு வருசத்துக்கு முதல் மாரடைப்பில போக, அவற்ற சாம்பலை ஒரு ஆள் ஊருக்குப் போகேக்க குடுத்துவிட்டு கீரிமலையில கரைச்சனாங்கள். விமானத்தில கொண்டுபோக வேண்டிய கடுதாசி எல்லாம் எடுத்துத் தந்தது எங்கட சங்கம் தான். நீங்கள்தான் அண்ணை அந்த ஃபோமில கையெழுத்து வைச்சனீங்கள். அதை நான் மறக்கேல்ல, இந்த மடல் எழுதேக்கயும் மறக்கேல்ல.

இன்னொண்டு, நோட்டீசில பார்த்தன், இந்த முறை டூரில பேச்சுப்போட்டி, ஏழு தொடக்கம் பன்னிரண்டு வயசு, தலைப்பு "உழைப்பால் உயர்ந்த உத்தமர் டன்ஸ்மியூர்". உத்தமர் எண்ட சொல்லை ஆர் போட்டது? அதைப் போட்டவர் வெலிங்டன் எண்ட பேரைக் கேள்விப்பட்டிருப்பாரா எண்டு எனக்குச் சந்தேகம்.

இப்ப நான் கேக்கிறதைச் சொல்லுறன். ஒன்பதாம், பத்தாம் பக்கம் ரெண்டும் நான் தந்தபடியே திரும்ப உள்ளுக்க வரவேணும். நீளம் எண்டா வரவேற்பறை, சாப்பாட்டறை விபரத்தில ஒரு பக்கம் குறையுங்கோ, அதையும் நானே குறைச்சுத் தாறன். "தனி ஒருவராக உழைத்து இந்த மாளிகையைக் கட்டி வாழ்ந்தவர்" எண்ட வசனத்தை எடுங்கோ, அதுக்குப் பதிலா "வீடு முடிய முதலே இறந்தார், அவரது சுரங்கங்களில் வேலை செய்தவர்களின் உழைப்பில் இது எழுந்தது" எண்டு போட்டாக் காணும். பேச்சுப்போட்டித் தலைப்பை மாத்துங்கோ, "இந்த வீட்டைக் கட்டினது ஆர்?" எண்டு கேட்டுப் பாருங்கோ, பிள்ளையள் எங்களை விட நல்லாப் பேசுங்கள். பஸ் கோட்டையில இருந்து வெளிக்கிட்டு ஃபெரிக்குப் போக முதல் ஹார்லிங் பொயின்டில இருபது நிமிசம் நிக்கவேணும். ட்ரைவரோட கதைச்சுப்போட்டன், நேரம் கிடக்கு எண்டவர், சாப்பாட்டுப் பார்சலை பஸ்ஸுக்குள்ளயே குடுத்தாச் சரி. அதுக்குக் காசு கூட வந்தா என்ர பங்கா நான் தாறன்.

இதில எது ஏலாது எண்டாலும் ஏலாது எண்டு எழுத்தில சொல்லுங்கோ, வொய்ஸ் மெசேஜ் வேண்டாம். அப்பிடியெண்டா அட்டையில இருந்து என்ர பேரை எடுத்துவிடுங்கோ, மைக் பிடிக்க வேற ஆளையும் பாருங்கோ. பிரிண்ட் கடைக்கு வியாழக்கிழமை போகுது எண்டு போட்டிருக்கிறீங்கள். புதன் பின்னேரம் அஞ்சு மணிக்கு எனக்கு வேலை முடியும், அதுக்குப் பிறகு எப்ப கூப்பிட்டாலும் ஃபோன் எடுப்பன்.